முளைக்கும் முன்பே தடுக்க வேண்டிய புல்: அமெரிக்க வீட்டுப் புல்தரையில் கிராப்கிராஸுக்கு மருந்து இடும் முறை

ஜூலை மாதம் டிரைவ்வே ஓரமாகப் பாருங்கள். வெளிர்பச்சையாக, அகல இலையோடு, தரையோடு தரையாகக் கால் பரப்பிக்கொண்டு ஒரு புல் படர்ந்திருக்கும். மற்ற புல்லெல்லாம் வெயிலில் வாடிக் கிடக்கையில் அது மட்டும் செழித்து நிற்கும். அதுதான் கிராப்கிராஸ். அதைப் பார்த்த பிறகு கடைக்கு ஓடி, 'கிராப்கிராஸ் பிரிவென்டர்' என்று அச்சடித்த மூட்டையை வாங்கி வந்து தூவினால் ஒரு பலனும் இருக்காது. அந்த மருந்தை இட வேண்டிய காலம் மார்ச், ஏப்ரலோடு முடிந்துபோயிருக்கும்.

நியூ ஜெர்சியிலோ, வட கரோலினாவிலோ, டல்லாஸ் பக்கமோ முதல் வீடு வாங்கி, முதல் முறையாகப் புல்தரையோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்கு விஷயம் பாதி தெரிந்ததுதான். ஊரில் நிலக்கடலை விதைத்த மூன்று நாளுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போதே பெண்டிமெத்தலின் அடிப்பார்கள். இங்கேயும் அதே மருந்து, அதே வழிதான். கடலைக் காட்டில் விதைத்த நாள் நமக்குத் தெரியும், அதிலிருந்து எண்ணிக்கொள்ளலாம். புல்தரையில் களை தானாக முளைக்கிறது. அது எப்போது முளைக்கும் என்பதை நாம்தான் மண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

எந்தக் களை என்று முதலில் பாருங்கள்

இந்த மருந்துகள் தடுப்பது ஓராண்டுப் புற்களை. வசந்தத்தில் விதையிலிருந்து முளைத்து, கோடையில் வளர்ந்து, விதை கொட்டி, முதல் உறைபனியில் செத்துப்போகிறவை. செடி செத்தாலும் விதை மண்ணில் காத்திருக்கும். நல்ல இடம் கிடைத்த ஒரு கிராப்கிராஸ் செடி 1,50,000 விதை வரை விடும் என்பார்கள். அதனால்தான் ஒரு வருடம் அலட்சியமாக விட்டால் அடுத்த சில வருடங்களுக்கு வேலை வைக்கிறது.

நமக்குச் சுவையான ஒரு செய்தி: அமெரிக்கப் புல்தரையில் தொந்தரவு தரும் ஓராண்டுப் புற்களில் பல நம் சிறுதானியங்களின் சொந்தக்காரர்கள். ஃபாக்ஸ்டெயில் என்பது தினை வகை. அதிலும் பச்சை ஃபாக்ஸ்டெயில்தான் தினையின் காட்டு மூதாதை. கூஸ்கிராஸ் கேழ்வரகின் இனம். பார்ன்யார்டு கிராஸ் குதிரைவாலியின் இனம். கதிரைப் பார்த்தாலே அடையாளம் தெரியும். ஃபாக்ஸ்டெயிலில் தினைக் கதிர்போல் மயிர் அடர்ந்த ஒற்றைக் கதிர் வரும். கூஸ்கிராஸில் விரல் விரலாகப் பிரிந்து, ஜிப் பல் வைத்ததுபோல் விதை அடுக்கியிருக்கும். அதன் அடித்தண்டு வெள்ளிபோல் வெளுத்துத் தட்டையாக இருக்கும், பிடுங்கினால் சுலபத்தில் வராது. கிராப்கிராஸுக்கும் விரல் கதிர்தான், ஆனால் மெல்லியது. தண்டு கணுக்களில் வேர் விட்டுப் படரும். பெரிய வகையில் இலையிலும் இலை உறையிலும் மயிர் தெளிவாகத் தெரியும்.

இந்த மருந்துக்கு அடங்காதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கோரை முக்கியமானது. தண்டைக் கிள்ளி விரலில் உருட்டினால் மூன்று பட்டை தட்டுப்படும். அது கிழங்கிலிருந்து வருகிறது, அதனால் இந்த மருந்து தடுக்காது. வடக்குப் பக்கத்து ஃபெஸ்க்யூ, புளூகிராஸ் புல்தரைக்குள் நுழைந்துவிட்ட பெர்முடா கிராஸும் அப்படித்தான். பெர்முடா என்று இங்கே சொல்வது நம் அருகம்புல்லையே. டெக்சாஸில் அதையே புல்தரையாக வளர்ப்பார்கள், நியூ ஜெர்சியில் அதுவே களை. வருடா வருடம் அதே இடத்தில், ஏப்ரல் முதலே பச்சைக் குத்தாக நிற்கிற முரட்டுப் புல்லும் ஓராண்டுப் புல் அல்ல. அவற்றைத் தோண்டி எடுப்பதைத் தவிர, அல்லது அதற்கான வேறு மருந்தைத் தொட்டு வைப்பதைத் தவிர வழியில்லை.

மருந்து மண்ணுக்குள் செய்வது என்ன

பலரும் நினைப்பதுபோல் இது விதையைக் கொல்வதில்லை. விதை முளைப்பதையும் தடுப்பதில்லை. மண்ணின் மேல் அரை அங்குலத்தில் மெல்லிய படலமாக உட்கார்ந்துகொள்கிறது. விதை முளைவிட்டு, இளம் வேர் அந்தப் படலத்தைத் தொட்டதும், வேர் நுனியில் செல் பிரிவது நின்றுவிடுகிறது. வேர் நீளாமல் நுனி தடித்து வீங்கி, முளை அப்படியே மடிகிறது. மண்ணுக்கு மேலே நமக்கு எதுவும் தெரியாது. அதனால் 'மருந்து வேலை செய்ததா' என்பதை ஆகஸ்டில்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

இந்த ஒரு செயல்முறையை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற விதிகளெல்லாம் தாமாக விளங்கும். முளைத்து வேர் ஊன்றிய களையை இது ஒன்றும் செய்யாது. படலத்தில் ஓட்டை இருந்தால் அந்த ஓட்டை வழியே களை வரும். மருந்து இலை மேலேயே தங்கிவிட்டால் படலமே உருவாகாது. நீங்கள் தூவும் நல்ல புல் விதையும் கிராப்கிராஸ் கதியைத்தான் அடையும். வேர் ஆழமாகப் போன பழைய புல்லுக்கு மட்டும் பாதகமில்லை.

எந்த மருந்தை வாங்குவது

கடையில் பெயர்கள் நூறு இருக்கும். மூட்டையின் முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டு, கீழே சிறிய எழுத்தில் உள்ள செயல்படு பொருளைப் படியுங்கள். வீட்டுப் புல்தரைக்குப் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் இருக்கும்.

புரோடயமின்: மூன்றிலும் நீண்ட நாள் நிற்பது. களை முளைக்க இரண்டு மூன்று வாரம் முன்பே இட்டாலும் தாங்கும். தொழில்முறை ஆட்கள் 'பேரிகேட்' என்ற பெயரில் பயன்படுத்துவது இதைத்தான். முளைத்துவிட்ட களையிடம் இது சுத்தமாகச் செல்லாது.

டித்தியோபிர்: 'டைமென்ஷன்' என்ற பெயரில் பரவலாகத் தெரிந்தது. இதற்கு ஒரு நல்ல குணம் உண்டு. முளைத்து, இன்னும் பக்கக் கிளைப்பு விடாத இளம் கிராப்கிராஸையும் பிடிக்கும். ஒன்றிரண்டு வாரம் தாமதமாகிவிட்டவர்கள் இதையே தேட வேண்டும். முதல் வருடக்காரர்களுக்கு எங்கள் பரிந்துரையும் இதுதான், ஏனென்றால் நாளைக் கணிப்பதில் பிழை வருவது முதல் வருடத்தில்தான்.

பெண்டிமெத்தலின்: விலை குறைவு, எளிதில் கிடைக்கும். மற்ற இரண்டைவிடச் சற்று சீக்கிரம் சக்தி இழக்கும். வெயிலில் சிதைவதும் ஆவியாவதும் இதில் அதிகம். கான்கிரீட்டில் விழுந்தால் மஞ்சள் கறை பிடிக்கும்.

வசந்தத்தில் புல் விதை தூவியே ஆக வேண்டும் என்றால் இந்த மூன்றையும் தொடாதீர்கள். ஃபெஸ்க்யூ, கென்டக்கி புளூகிராஸ், ரைகிராஸ் விதைக்கும்போதே இடக்கூடியது மெசோட்ரியோன். இட்டபின் சில வாரம் புல் இலை ஆங்காங்கே வெளுத்துப்போகும், பயப்பட வேண்டாம், திரும்பிவிடும். பெர்முடா, ஜாய்சியா புல்தரையில் மட்டும் அதை இடக்கூடாது, அவற்றைக் கெடுக்கும்.

ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் கார்ன் குளூட்டன் மீல் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். மக்காச்சோள மாவு ஆலையின் துணைப்பொருள். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நிக் கிறிஸ்டியன்ஸ் 1991ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1,000 சதுர அடிக்கு 20 பவுண்டு போட வேண்டும், அதாவது 4,000 சதுர அடிக்கு 80 பவுண்டு. அதில் எடையில் பத்தில் ஒரு பங்கு நைட்ரஜன், எனவே அது உரமும்கூட. களைத் தடுப்பு மருந்தளவுக்கு இருக்காது, ஈரமான வசந்தத்தில் இன்னும் குறையும்.

டொராண்டோ பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்டாரியோவில் 2009 ஏப்ரல் முதல், அழகுக்காகப் புல்தரையில் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி இடுவதற்குத் தடை இருக்கிறது. மேலே சொன்ன மூன்றும் அங்கே வீட்டுப் புல்தரைக்கு ஆகாது. கார்ன் குளூட்டன் மீலும், புல்லை உயரமாக வெட்டுவதும், கையால் பிடுங்குவதும்தான் வழி. எல்லைக்கு இந்தப் பக்கம் வந்து மூட்டை வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

நாள் குறிப்பது

கிராப்கிராஸ் காலண்டர் பார்த்து முளைப்பதில்லை. மண்ணின் மேல்பகுதி 55 டிகிரி பாரன்ஹீட், அதாவது சுமார் 13 டிகிரி செல்சியஸை எட்டி, நான்கைந்து நாள் அப்படியே நின்றால் முதல் விதைகள் விழிக்கும். பெரும்பகுதி 60 முதல் 70 டிகிரிக்குள் முளைக்கும். கூஸ்கிராஸ் அதற்குச் சில வாரம் பிந்தி வரும். எனவே மண் 50ஐத் தொட்டதும் தயாராகி, 55 ஆவதற்குள் மருந்து மண்ணில் இறங்கியிருக்க வேண்டும்.

அளப்பது சுலபம். கறி வேகிறதா என்று குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று, சமையலறைக்குத் திரும்பப் போகாதபடி தனியாக, வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு அங்குல ஆழத்தில் குத்தி, ஒரே இடத்தில், தினமும் காலையில் ஒரே நேரத்தில் படியுங்கள். இரண்டு இடம் தேர்ந்தெடுங்கள்: ஒன்று புல்தரை நடுவில், இன்னொன்று தெற்குப் பார்த்த டிரைவ்வே அல்லது நடைபாதை ஓரத்தில். ஓரத்தில் சில டிகிரி கூடவே காட்டும். கான்கிரீட் பகலெல்லாம் வாங்கிய சூட்டை மண்ணுக்குக் கொடுக்கிறது. களை முதலில் அங்கே முளைப்பதும் அதனால்தான். நாளை ஓரத்து அளவை வைத்துத் தீர்மானியுங்கள்.

தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் ஃபார்சிதியா புதரைப் பாருங்கள். இலை வரும் முன் கிளை முழுக்க மஞ்சளாகப் பூக்கும் செடி, வடகிழக்கில் தெருவுக்கு ஒன்று இருக்கும். பூ உச்சத்தில் இருக்கும்போது இடத் தொடங்கி, பூ கொட்டுவதற்குள் முடிக்க வேண்டும். ஆனால் இடையில் ஒரு வாரம் வெயில் அடித்துப் பின் குளிர்ந்தால் பூவின் கணக்குத் தடுமாறும். தெர்மாமீட்டர் தடுமாறாது.

உத்தேசமாக: ஹூஸ்டனில் பிப்ரவரி. டல்லாஸில் பிப்ரவரி கடைசி முதல் மார்ச் முதல் வாரம். அட்லாண்டாவிலும் வட கரோலினாவின் கேரி, ராலி பக்கமும் மார்ச் முதல் பாதி. நியூ ஜெர்சியின் எடிசன் சுற்றுவட்டாரத்தில் மார்ச் கடைசி முதல் ஏப்ரல் நடு. சிகாகோ, பாஸ்டனில் ஏப்ரல் நடுவிலிருந்து கடைசி வரை. பனி நீண்ட வருடத்தில் இது இரண்டு வாரம் தள்ளிப்போகும், வெதுவெதுப்பான வருடத்தில் முந்தும்.

மருந்தை ஒரே தடவையில் இடுவதைவிட இரண்டாகப் பிரித்து இடுவதே மேல். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மருந்தைத் தின்றுகொண்டே இருக்கும். மண் சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் இன்னும் வேகமாக. ஏப்ரலில் இட்டது ஜூலையில் மெலிந்துவிடும், அப்போதும் விதை முளைத்துக்கொண்டிருக்கும். பாதியை இப்போதும், மீதிப் பாதியை 6 முதல் 8 வாரம் கழித்தும் இட்டால் படலம் கோடை முழுக்க நிற்கும். கூஸ்கிராஸ் தொந்தரவு உள்ளவர்களுக்கு இரண்டாம் பாதி கட்டாயம்.

பரப்பளவை அளந்து கணக்குப் போடுங்கள்

வீட்டுப் பத்திரத்தில் மனை கால் ஏக்கர் என்றிருந்தால் புல்தரை கால் ஏக்கர் ஆகிவிடாது. வீடு, டிரைவ்வே, டெக், பூப்பாத்தி எல்லாம் போக மீதியைத்தான் எடுக்க வேண்டும். டேப் பிடித்து முன்பக்கம், பின்பக்கம், இரு ஓரங்கள் என்று தனித்தனிச் செவ்வகங்களாக அளந்து கூட்டுங்கள். வட்ட வளைவுகளைக் கண்மட்டத்தில் செவ்வகமாக்கினால் போதும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். கென்டக்கி புளூகிராஸ் புல்தரை, 4,000 சதுர அடி. 65 சதவீத புரோடயமின் குருணையை நீரில் கலக்கித் தெளிக்கிறீர்கள். இந்தப் புல்லுக்கு லேபிள் தரும் வருட உச்சவரம்பு ஏக்கருக்கு 1.5 பவுண்டு. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. 1.5 பவுண்டு என்பது 680 கிராம். அப்படியானால் 1,000 சதுர அடிக்கு 15.6 கிராம், 4,000க்கு சுமார் 62 கிராம். பாதியாகப் பிரித்தால் வசந்தத்தில் 31, கோடைத் தொடக்கத்தில் 31. உயர ஃபெஸ்க்யூ, பெர்முடா, ஜாய்சியா, செயின்ட் அகஸ்டின் புற்களுக்கு உச்சவரம்பு ஏக்கருக்கு 2.3 பவுண்டு, அதாவது 1,000 சதுர அடிக்குச் சுமார் 24 கிராம். ஃபைன் ஃபெஸ்க்யூ வகைகள் இவ்வளவு தாங்காது, அவற்றுக்கு வரம்பு குறைவு. உங்கள் கையிலுள்ள டப்பாவின் லேபிளில் இந்த அட்டவணை இருக்கும், அதையே இறுதி வார்த்தையாக எடுத்துக்கொள்ளுங்கள். லேபிளை மீறி இடுவது இந்த நாட்டில் கூட்டாட்சிச் சட்டப்படி தவறு.

31 கிராம் என்பது கைப்பிடிகூட இல்லை. இதை ஸ்பூனில் அளப்பவர்கள்தான் இரண்டு மடங்கு போட்டுப் புல்லின் வேரைக் குட்டையாக்குகிறார்கள். கிராம் காட்டும் சிறிய தராசு ஒன்று இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தூவும் மருந்து

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத் தெளிப்பதைவிடத் தூவுவது எளிது. முந்தின நாள் புல்லை வெட்டி, இலைச் சருகை வாரி எடுத்துவிடுங்கள். சருகு மேல் விழுந்த குருணை மண்ணுக்குப் போகாது. மண்ணில் துளை போடும் வேலையோ, காய்ந்த புல் மெத்தையை வாரும் வேலையோ இருந்தால் மருந்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

குருணை தூவும் தள்ளுவண்டியான ஸ்பிரெடரின் திறப்புக்கு மூட்டையில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் ஸ்பிரெடரின் வயதும், உங்கள் நடை வேகமும் அந்த எண்ணுக்குத் தெரியாது. சோதித்துப் பார்ப்பது இப்படி. லேபிள் 1,000 சதுர அடிக்கு 3.5 பவுண்டு கேட்கிறது என்று வையுங்கள். இரண்டு திசையில் நடக்கப்போவதால் ஒரு திசைக்கு 1.75 பவுண்டு. 50 அடி நீளம் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் 6 அடி இடைவெளி விடுவதானால் 50 அடி நடைக்கு 300 சதுர அடி. அதற்கு விழ வேண்டியது 0.525 பவுண்டு, அதாவது சுமார் 240 கிராம். ஸ்பிரெடரில் 5 பவுண்டு எடைபோட்டுக் கொட்டி, புல்தரையிலேயே 50 அடி நடந்து, மீதியை எடைபோடுங்கள். 240க்கு மேல் குறைந்திருந்தால் திறப்பைச் சிறிதாக்குங்கள், குறைவாக இருந்தால் பெரிதாக்குங்கள். ஒவ்வொரு முறையும் புதிய இடத்தில் நடங்கள். மணிக்கு 3 மைல் வேகம் என்றால் 50 அடிக்கு 11 நொடி ஆகும்.

பிறகு மொத்த மருந்தை இரண்டாகப் பிரியுங்கள். 4,000 சதுர அடிக்கு 14 பவுண்டு என்றால் 7ம் 7ம். முதல் 7ஐத் தெருவுக்கு இணையாக நடந்து தூவுங்கள், அடுத்த 7ஐக் குறுக்காக. நடக்கத் தொடங்கிய பிறகு திறங்கள், நிற்பதற்கு முன் மூடுங்கள். நின்றபடி திறந்தால் அந்த இடத்தில் ஒரு குவியல் விழும், அங்கே புல் வதங்கும்.

ஓரங்களை முதலில் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். கான்கிரீட் பக்கம் மறைப்புத் தகடு உள்ள ஸ்பிரெடர் என்றால் அதை இறக்கிக்கொள்ளுங்கள். டிரைவ்வேயில் விழுந்ததை உடனே விளக்குமாறால் புல்தரைக்கே கூட்டித் தள்ளுங்கள். விட்டால் அடுத்த மழையில் தெருச் சாக்கடை வழியே ஓடைக்குப் போகும். இந்த மருந்துகள் மீனுக்கு நஞ்சு.

தெளிக்கும் மருந்து

கைத்தெளிப்பான் பழக்கம் உள்ளவர்களுக்கு இது மலிவு. 20 அடிக்கு 25 அடி இடம் குறித்து, வெறும் தண்ணீரை வழக்கமான நடையில் தெளித்து, எவ்வளவு செலவானது என்று பாருங்கள். அரை காலன் ஆனால் 1,000 சதுர அடிக்கு ஒரு காலன் என்று அர்த்தம். 4,000 சதுர அடிக்கு 4 காலன், முதுகுத் தெளிப்பான் ஒரு டேங்க். விசிறிபோல் விரியும் நாசில் போடுங்கள், கூம்பு நாசில் வேண்டாம்.

புரோடயமின் குருணை நீரில் உப்புபோல் கரைவதில்லை, கலங்கி மிதக்கும். ஒரு சிறிய குவளைத் தண்ணீரில் முதலில் குழைத்து, பாதி நிரப்பிய டேங்கில் ஊற்றி, மீதித் தண்ணீரை விட்டுக் குலுக்குங்கள். தெளிக்கும்போதும் அவ்வப்போது குலுக்கிக்கொண்டே இருங்கள். மறந்தால் மருந்து அடியில் தங்கி, முன்பக்கத்துக்குத் தண்ணீரும் பின்பக்கத்துக்கு மருந்துமாகப் போகும். எல்லாச் செடியையும் கொல்லும் கிளைஃபோசேட் அடித்த தெளிப்பானை எவ்வளவு கழுவினாலும் புல்தரைக்கு எடுக்காதீர்கள்.

தண்ணீர் விடாவிட்டால் போட்டது வீண்

அதிகம் பேர் தவறுவது இங்கேதான். இலை மேலும் மண் மேலும் கிடக்கும் மருந்து வெயிலில் சிதையும். அரை அங்குலத் தண்ணீர் அதை மண்ணுக்குள் இறக்கிப் படலமாக்கும். சிலவற்றின் லேபிள் சில நாள் அவகாசம் தரும், ஆனால் அன்றே அல்லது மறுநாளே விடுவதுதான் சரி.

அரை அங்குலம் என்பதை நேரத்தை வைத்துக் கணக்கிட முடியாது. காலி டூனா டப்பாக்கள் நான்கைந்தைப் புல்தரையில் அங்கங்கே வைத்து ஸ்பிரிங்க்ளரைத் திறங்கள். டப்பாக்களில் அரை அங்குலம் நிற்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு டப்பாவில் அரை, இன்னொன்றில் கால் என்றால் ஸ்பிரிங்க்ளர் சீராக அடிக்கவில்லை, இடம் மாற்றி வையுங்கள். அரை அங்குலம் மிதமாகப் பெய்யும் மழை வருகிறது என்றால் அதற்கு முந்தின நாள் மருந்து இடுவது உத்தமம். இடியோடு கூடிய கனமழை என்றால் தள்ளிப்போடுங்கள். சரிவான இடத்தில் மருந்தெல்லாம் கீழே போய்ச் சேர்ந்துவிடும்.

தண்ணீர் விட்டு, புல் காயும் வரை குழந்தைகளையும் நாயையும் உள்ளே வைத்திருங்கள். இடும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, மூடிய காலணி. வேலை முடிந்ததும் அந்தத் துணியைத் தனியே துவையுங்கள்.

கொல்லைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் கவனிக்க

பின்பக்கம் வெண்டை, கத்தரி, கீரைப் பாத்தி போடாத தமிழ் வீடு குறைவு. புல்தரை மருந்து அந்தப் பாத்திக்கு ஒரு குருணைகூடப் போகக்கூடாது. கீரை விதை மண்ணின் மேல் கால் அங்குலத்தில் முளைப்பது. மருந்து விழுந்த மண்ணில் முளைக்கீரை தூவினால் அது முளைத்து, வேர் வீங்கி, தலைகாட்டாமலே மடியும். விதை கெட்டது என்று நினைத்து மறுபடி தூவுவீர்கள், மறுபடியும் அதே கதைதான். பாத்தியைச் சுற்றி 6 அடியாவது விட்டுவிடுங்கள். அங்கே களையைக் கையால் எடுத்தால் போதும். மருந்து இட்ட புல்தரையில் வெட்டிய புல்லைப் பாத்திக்கு மூடாக்காகவும் போடாதீர்கள், புல்தரையிலேயே உதிர விடுங்கள்.

அப்படியும் களை வந்தால்

களை வந்திருக்கும் வடிவமே காரணத்தைச் சொல்லும். நேர்கோடு கோடாக வந்தால் நடைக்கும் நடைக்கும் நடுவே மருந்து விழவில்லை. டிரைவ்வே ஓரத்தில் மட்டும் என்றால், அங்கே மண் முன்னதாகச் சூடாகியிருக்கும், அல்லது ஓரச் சுற்று சுற்றவில்லை. புல் மெலிந்த, நாய் தோண்டிய, கார் ஏறிய இடங்களில் திட்டுத்திட்டாக வந்தால் படலம் உடைந்திருக்கிறது. மே மாதமே எங்கும் பரவலாக முளைத்தால் நாள் பிந்திவிட்டது, அல்லது தண்ணீர் விடவில்லை. ஜூலை வரை சுத்தமாக இருந்து ஆகஸ்டில் வந்தால் இரண்டாம் பாதி இடவில்லை. இப்படிப் பிந்தி வந்தவை பெரிதாக வளர நேரமில்லாதவை, பிடுங்கினாலே போதும்.

வந்ததை இளசாக இருக்கும்போதே எடுங்கள். மழைக்கு மறுநாள் வேரோடு சுலபமாக வரும். நிறைய இருந்தால் குவின்குளோராக் என்ற முளைத்தபின் அடிக்கும் மருந்து, லேபிள் சொல்லும் எண்ணெய்க் கலவையோடு, கிளைப்பு விடும் முன் நன்றாகக் கேட்கும். செயின்ட் அகஸ்டின், சென்டிபீட் புல்தரைக்கு அது ஆகாது. அதை அடித்த புல்லைத் தக்காளி, கத்தரி அருகே கொண்டுபோகவே கூடாது. ஆகஸ்ட் நடுவுக்குள் கதிர் தெரிந்தவற்றையாவது பிடுங்கிக் குப்பைப் பையில் கட்டிப் போடுங்கள். ஒவ்வொரு செடியும் அடுத்த சில வருடங்களுக்கான விதை.

புல்லை எந்த உயரத்தில் வெட்டுகிறீர்கள் என்பதற்கு மருந்துக்குச் சமமான பங்கு உண்டு. கிராப்கிராஸ் விதைக்கு வெளிச்சமும் சூடும் வேண்டும். ஃபெஸ்க்யூவையும் புளூகிராஸையும் மூன்றரை அங்குலம் வைத்து வெட்டினால் மண்ணுக்கு நிழல் கிடைக்கும். ஒட்ட மொட்டையடித்த தரையில் எந்த மருந்தும் கடைசி வரை தாங்காது. கோடையில் தினம் கொஞ்சம் தண்ணீர் காட்டுவதும் களைக்குத்தான் சாதகம். வாரம் ஒன்றிரண்டு தடவை ஆழமாக விடுங்கள்.

இலையுதிர்காலத்து விதைப்பை இப்போதே யோசியுங்கள்

வடக்கில் புல் மெலிந்த இடங்களில் விதை தூவ நல்ல காலம் ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் நடு வரை. வசந்தத்து மருந்து அதற்குள் கரைந்திருக்க வேண்டும். புரோடயமினுக்குக் குறைந்தது நான்கு மாதம், அளவு கூடக்கூட இன்னும் அதிகம். டித்தியோபிருக்கு மூன்று மாதம். எடிசனில் ஏப்ரல் தொடக்கத்தில் முதல் பாதியும், மே கடைசியில் இரண்டாம் பாதியும் இட்டிருந்தால், புரோடயமின் என்றால் செப்டம்பர் கடைசி வரை காத்திருக்க வேண்டும். அது விதைப்புக்குப் பிந்திய காலம். டித்தியோபிர் என்றால் ஆகஸ்ட் கடைசியில் தூவலாம். எனவே இந்த வருடம் விதைக்கப்போகிறீர்கள் என்றால் டித்தியோபிர் வாங்குங்கள், அல்லது புரோடயமினின் இரண்டாம் பாதியை விட்டுவிடுங்கள்.

ஏப்ரல், மே மாதத்தில் வெள்ளை வெள்ளையாகக் கதிர் விடும், இலை நுனி படகு மூக்குபோல் குவிந்த ஒரு குட்டைப் புல் உங்கள் தரையில் இருந்தால் அது போவா ஆன்யுவா. அதன் காலம் தலைகீழ். மண் 70 டிகிரிக்குக் கீழே இறங்கும் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் முளைத்து, குளிர்காலத்தைத் தாண்டி, வசந்தத்தில் பூக்கும். வசந்தத்தில் இடும் மருந்து அதைத் தொடாது, அதற்குத் தனியாக இலையுதிர்காலத்தில் இட வேண்டும். அப்படி இட்டால் அந்த வருடம் விதைக்க முடியாது. புல் பாதிக்கு மேல் அடர்த்தியாக இருந்தால் மருந்து இடுங்கள். வெறும் மண் தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தால் மருந்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிட்டு, இந்தச் செப்டம்பரில் விதையைத் தூவுங்கள். விதைத்த புல்லை மூன்று நான்கு தடவை வெட்டி, வேர் ஊன்றிய பிறகுதான் அதன் மேல் அடுத்த மருந்து.